கோடியக்கரைக்கு ஏற்ற காலம் கோடை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று பத்திரிகைகள் போடும் பட்டியல்களில், வேதாரண்யத்தை அடுத்த கடலோர வனவிலங்குச் சரணாலயமான கோடியக்கரையும் வந்துவிடுகிறது. அதை நம்பி மே மாத உச்சி வெயிலில் பிள்ளைகளோடு வருகிறவர்கள், காய்ந்து வெடித்த சதுப்பையும் வெறும் சாலையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வலசைப் பறவைகள் அக்டோபரில் வரத் தொடங்கி, மார்ச் வாக்கில் பெரும்பாலும் கிளம்பிவிடும். தங்கள் நாளிதழ் இந்த ஊரைப் பொங்கல் விடுமுறைப் பக்கத்தில் போட்டால் வாசகருக்கும் நல்லது, காட்டுக்கும் நல்லது.

பருவத்துக்குள்ளும் நாள் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டி முடித்த கையோடு வந்தால் சதுப்பில் தண்ணீர் உயர்ந்து நிற்கும். கொசு உள்ளான் போன்ற குட்டைக்கால் பறவைகளுக்கு அங்கே இரை எடுக்க வழியில்லை, சிதறிப் போயிருக்கும். மழை ஓய்ந்து, தண்ணீர் வடிந்து, சேறு விளிம்பு விளிம்பாக வெளியே தெரியும் ஜனவரி, பிப்ரவரிதான் எங்கள் கணக்கில் சிறந்த நாட்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியன்பள்ளிக்கு 2023 ஏப்ரலில் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது வெளியூர்க்காரர்களுக்கு வசதி. ஆனாலும் முந்தின நாளே வேதாரண்யம் வந்து தங்கிவிடுவது உத்தமம். விடிந்து இரண்டு மணி நேரம்தான் முக்கியம். அதற்குப் பிறகு மான் நிழலுக்கு ஒதுங்கிவிடும். சேற்றிலிருந்து கிளம்பும் அனல் தொலைநோக்கியில் பறவையை நெளிய வைக்கும். சதுப்பு மேற்கே கிடப்பதால் காலையில் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும், நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 தொலைநோக்கி போதும். வெள்ளை, சிவப்புச் சட்டை வேண்டாம்.

பூநாரையை (ஃபிளமிங்கோ) எவ்வளவு நெருங்கலாம் என்று பலரும் கேட்கிறார்கள். மீட்டர் கணக்கு சொல்வதைவிட, அந்தப் பறவையையே கவனிக்கச் சொல்வோம். மேயும்போது அது அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீரில் வைத்திருக்கும். காலால் சேற்றை மிதித்துக் கலக்கிக்கொண்டே இருக்கும். கூட்டத்தில் நாலைந்து தலை நிமிர்ந்தால் நின்றுவிட வேண்டும். எல்லாம் ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று பொருள், மெல்லப் பின்வாங்குங்கள். படத்துக்காகக் கை தட்டிக் கிளப்புவது கொடுமை. கொசு உள்ளானின் எடை 25 கிராம் அளவுதான். சைபீரியாவின் வடகோடிக்குத் திரும்பிப் பறக்க அது இங்கேதான் கொழுப்புச் சேர்க்கிறது. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அந்தச் சேமிப்பு கரைகிறது.

சேற்றில் இறங்கவே கூடாது. மேலே உப்புப் பூத்து வெள்ளையாக, கெட்டியாகத் தெரியும், அடியில் கருஞ்சேறு. முழங்கால் வரை இழுத்துவிடும். பைக், கார் இறக்கினால் சக்கரம் தானாக வெளியே வராது.

காட்டுக்குள் வேகம் வேண்டாம். சாலையோரம் வீசப்படும் பழத்துக்கும் சிப்ஸுக்கும் குரங்குகள் வந்து குந்தப் பழகிவிட்டால், அடுத்த வண்டியில் அடிபடுவது அவைதான். இங்கே திரியும் குதிரைகள், காட்டோடு போய்விட்ட வளர்ப்புக் குதிரைகளின் வாரிசுகள். சாதுவாகத் தெரிந்தாலும் அருகே போனால் உதைக்கும். காட்டுக்குள் இருக்கும் ராமர் பாதம் என்ற மேட்டில் ஏறிப் பாருங்கள். சில மீட்டர் உயரம்தான் என்றாலும், இந்தத் தட்டை நிலத்தில் வறண்ட நிலத்திலும் ஆண்டு முழுதும் பசுமையாக நிற்கும் உலர் பசுமைமாறாக் காட்டின் விரிவு அங்கிருந்துதான் புரியும். ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கடற்கரைக்கு டார்ச்சோடு போக வேண்டாம். முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமை வெளிச்சம் கண்டால் கடலுக்கே திரும்பிவிடும்.

வனத்துறைக்கும் ஒரு வேண்டுகோள். 1967-இல் இந்தச் சரணாலயம் அமைந்ததே வெளிமானுக்காக. தூரத்தில் வரும் நரியைக் கண்டு ஓடிப் பிழைக்கும் விலங்கு அது. திறந்த புல்வெளி இல்லாவிட்டால் அதற்கு வாழ்வு இல்லை. அந்த வெளியைச் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டு வருகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் மரங்களைச் சாய்த்த இடங்களிலும், வெளிச்சம் விழுந்ததும் முந்திக்கொள்வது அதுதான். தரை மட்டத்தில் வெட்டினால் ஒரு தண்டுக்குப் பத்துத் தண்டாகத் துளிர்க்கும். மண்ணைத் தோண்டி, வேர் தொடங்கும் முடிச்சோடு பெயர்த்தெடுக்க வேண்டும். மழைக்குப் பிந்தைய ஈரத்தில் அது எளிது. காய் முற்றும் முன்பே செய்ய வேண்டும். காயைத் தின்னும் மாடுகளின் சாணத்தோடு விதை அடுத்த வெளிக்குப் போய்விடுகிறது. ஒரு முறை அகற்றிவிட்டுக் கணக்கை மூடினால் போதாது. அடுத்த மழைக்கு முளைக்கும் கன்றுகளைப் பிடுங்கவும் ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும்.

கூடவே, பருவம் முழுதும் வேதாரண்யம் பேருந்து நிலையத்தில் வாரம் ஒரு முறை ஒரு பலகை எழுதி வைத்தால் போதும்: சதுப்பில் தண்ணீர் எவ்வளவு, எந்தப் பாதை திறந்திருக்கிறது, அனுமதிக்கு யாரைக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
பறவை ஆர்வலர்கள்,
வேதாரண்யம்.