ஹன்னிபாலைப் படிக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அலெக்சாண்டர், ஹன்னிபால், சீசர் மூவரில் யார் பெரிய தளபதி என்று கேட்டிருந்தாய். நீ இந்தப் புத்தகங்களுக்குள் இறங்கிவிட்டாய் என்பதிலேயே எனக்கு அவ்வளவு சந்தோஷம். போனில் பேசினால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவோம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

யார் பெரியவர் என்பது கொஞ்சம் இருக்கட்டும். அந்தப் போரை நமக்குச் சொல்கிறவர் யார், அதை முதலில் பார். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹன்னிபால் இத்தாலிக்குள் புகுந்து ரோமானியரோடு மோதிய கன்னே போரை நீ இப்போது படிக்கிறாய் என்றாயே, அதையே எடுத்துக்கொள்வோம்.

கி.மு. 216. ரோமானியர் பக்கம் ஏறக்குறைய 80,000 காலாட்கள், ஹன்னிபாலிடம் அதில் பாதி. குதிரைப்படை மட்டும் அவரிடம் அதிகம். நடுவில் நின்ற கோல் இன வீரர்களையும் ஸ்பெயின் வீரர்களையும் எதிரியை நோக்கிப் பிறைபோல் வளைத்து நிறுத்துகிறார். அவர்கள் மெல்ல மெல்லப் பின்வாங்க, வெல்கிறோம் என்ற நினைப்பில் ரோமானியர் உள்ளே உள்ளே புகுகிறார்கள். இரு ஓரத்திலும் அசையாமல் காத்திருந்த ஆப்பிரிக்கக் காலாட்படை உள்பக்கமாகத் திரும்புகிறது. குதிரைப்படை சுற்றி வந்து பின்வாசலை அடைக்கிறது. அவ்வளவுதான், நெருக்கத்தில் வாளை ஓங்கக்கூட இடமில்லாமல் போயிருக்கும். இந்த இடத்தைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நகர்வையும் கோடு போட்டுப் பார். சும்மா வாசித்தால் பிடிபடாது.

இதை எழுதியவர்களில் முக்கியமானவர்கள் இருவர். பொலிபியஸ் என்ற கிரேக்கர், லிவி என்ற ரோமானியர். இறந்த ரோமானியர் சுமார் 70,000 என்கிறார் பொலிபியஸ். லிவியின் கணக்கு 50,000-ஐ ஒட்டி நிற்கிறது. இவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் பார்த்த பிறகு, பழைய புத்தகத்தில் வரும் எந்த எண்ணையும் அப்படியே விழுங்க மனம் வராது. ஆனால் எண்ணைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு.

அன்று ரோமப் படைக்குத் தலைவர்கள் இருவர். பவுலஸ் போர்க்களத்திலேயே இறந்தார். வர்ரோ உயிர் தப்பினார். தோல்விக்கு முழுக் காரணம் வர்ரோவின் அவசரம்தான் என்று பொலிபியஸும் லிவியும் ஒரே குரலில் சொல்கிறார்கள். சரி, இருக்கலாம். ஆனால் பொலிபியஸ் ரோமில் பணயக் கைதியாக இருந்தபோது அவருக்கு ஆதரவாக இருந்து, உயிர் நண்பராகவும் ஆனவர் சிபியோ எமிலியானஸ். அவர் யார் தெரியுமா? அந்த பவுலஸின் சொந்தப் பேரன்! வர்ரோவின் தரப்பை எழுதிவைக்க அப்படி ஒருவரும் இல்லை. தப்பி வந்த வர்ரோவுக்கு ரோம செனட் நன்றி சொன்னதாக லிவியே எழுதுகிறார். மொத்தப் பழியும் அவருடையது என்றால் அந்த நன்றி எதற்கு? இந்தக் கேள்வியோடு அந்த அத்தியாயத்தை இன்னொரு முறை படி. வேறு போராகத் தெரியும்.

இதனால் பொலிபியஸைப் பொய்யர் என்று நினைத்துவிடாதே. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. ஹன்னிபால் போன வழியைப் பார்க்க அவரே ஆல்ப்ஸ் மலையைக் கடந்தவர். தென் இத்தாலியில் ஹன்னிபால் ஒரு வெண்கலப் பலகையில் தன் படைக் கணக்கைப் பொறித்து வைத்திருந்தார். பொலிபியஸ் அதைத் தன் கண்ணால் பார்த்து எழுதுகிறார்: இத்தாலிக்குள் வந்து சேர்ந்தது 20,000 காலாட்கள், 6,000 குதிரைவீரர்கள். மலைக்கு முன்னால் ரோன் ஆற்றைத் தாண்டும்போது காலாட்கள் மட்டும் 38,000 என்கிறார். மலையைக் கடந்த வீரம் என்று நாம் கொண்டாடுகிறோமே, அதன் விலை இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிறது.

ஹன்னிபாலுடன் கூடவே இருந்து எழுதிய கிரேக்கர்கள் இருவர், சிலேனஸும் சோசிலஸும். அவர்கள் எழுதியதில் துண்டு துணுக்குகள்தான் மிச்சம். கார்த்தேஜைக் கி.மு. 146-ல் ரோம் அழித்துவிட்டது. ஆக, நாம் அறிந்த ஹன்னிபால் பெரும்பாலும் எதிரிகள் சொன்ன ஹன்னிபால்.

தோற்ற பக்கம் பேசுவது அபூர்வம். அலெக்சாண்டரோடு மோதிய காகமேலா போரில் பாரசீக அரசன் டேரியஸ்தான் முதலில் ஓடினார் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் அரியன். அவர் எழுதியது 400 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அதே கி.மு. 331-ல் பாபிலோனில் வானத்தைக் கணித்தவர்கள் களிமண் பலகையில் எழுதிவைத்த குறிப்பு ஒன்று கிடைத்திருக்கிறது. படைகள்தான் அரசனைக் கைவிட்டுத் தங்கள் ஊர்களுக்குப் போயின என்ற பொருளில் இருக்கிறது அது.

சீசரைப் படிக்கும்போது இன்னும் விழிப்பாக இரு. அவரே தளபதி, அவரே வரலாற்றாசிரியர். தன்னையே ‘சீசர் செய்தார்’ என்று படர்க்கையில் எழுதுவதால் நடுநிலை போலத் தோன்றும். கி.மு. 52. இன்றைய பிரான்ஸில், கோல் மக்களின் ஊரான அலேசியாவைச் சீசர் முற்றுகையிடுகிறார். உள்ளே தானியம் தீர்கிறது. அந்த ஊர் மக்களையே மனைவி, குழந்தைகளோடு வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அவர்கள் ரோமானிய அரண்வரை வந்து, எங்களை அடிமையாகவாவது எடுத்துக்கொண்டு சோறு போடுங்கள் என்று அழுகிறார்கள். சீசர் காவல் போட்டு, யாரையும் உள்ளே விடாதே என்று உத்தரவிடுகிறார். அடுத்த வரியில் போர் தொடர்கிறது. அந்த மக்கள் என்ன ஆனார்கள் என்று சீசர் சொல்வதே இல்லை. அந்த இடத்தை வேகமாகத் தாண்டாதே, அம்மா.

சரி, உன் கேள்விக்குப் பதில் வராமல் நீ விடமாட்டாய். என் மனதில் ஹன்னிபால்தான். சுமார் 15 ஆண்டுகள் எதிரி மண்ணில், வெவ்வேறு மொழி பேசிய வீரர்களை வைத்துக்கொண்டு போராடியும், படைக்குள் ஒரு கலகம்கூட அவருக்கு எதிராக எழவில்லை. இதைச் சொல்வதும் பொலிபியஸ்தான், ஹன்னிபாலின் எதிரிகளான சிபியோ வீட்டின் நண்பர். அதனாலேயே நம்புகிறேன்.

அடுத்து கி.மு. 207-ன் மெட்டாரஸ் போரைப் படி. தம்பி ஹஸ்த்ரூபால் இன்னொரு படையோடு ஆல்ப்ஸைக் கடந்து வருகிறார். அது முடிந்தபின், ரோமத் தளபதி சிபியோ ஆப்பிரிக்கானஸ் ஹன்னிபாலைத் தோற்கடித்த ஸாமா போருக்குப் போ. அந்தச் சிபியோதான் பெரியவர் என்று உனக்குத் தோன்றினால் காரணத்தோடு எழுது. வாதாட நான் தயார்.

அன்புடன்,
அப்பா