பால்கனிக் கதவுக்கு மேல் ஒரு கண்ணாடி

கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம். ஆற்றில் தண்ணீர் நன்றாக வருகிறது. அம்மாவுக்குத்தான் படித்துறையில் இறங்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

சேப்பாக்கத்தில் மெட்ராஸ் யுனிவர்சிட்டியின் செனட் ஹவுஸ் விழாவுக்குப் போனபோது நீ எடுத்த படங்களையெல்லாம் பார்த்தேன். போனில் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்ததில் காபி ஆறிப்போய் அம்மாவிடம் ஏச்சு வாங்கினேன். "நம்ம ஹாலையும் இது மாதிரி பண்ணணும்ப்பா" என்று எழுதியிருந்தாய். பண்ணலாம். ஆனால் எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் விஷயம்.

1874இல் தொடங்கி 1879இல் முடித்த கட்டடம் அது. அதற்கு பிளான் வரைந்த வெள்ளைக்கார ஆர்க்கிடெக்ட் சிஷோமின் வேலையை நீ சின்னதிலேயே பார்த்திருக்கிறாய். திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போனேனே, பக்கத்திலிருக்கும் நேப்பியர் மியூசியமும் அவர் வரைந்ததுதான். சுவரிலெல்லாம் பட்டை பட்டையாக வர்ணம். நீ அதை மிட்டாய் வீடு என்றாய். எனக்கு அதைவிட, ஏசி இல்லாமல் உள்ளே வேர்க்காமல் இருந்ததுதான் ஆச்சரியம். மனுசன் காற்றுக்கு வழிவிட்டுவிட்டு அப்புறம்தான் வர்ணத்தில் கை வைத்திருக்கிறார்.

உன் இன்டீரியர்காரர் அனுப்பிய பிளானில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. செனட் ஹவுஸ் ஹாலுக்கு உயரமே 50 அடிக்கு மேல். உன் ஃபிளாட் ஒன்பதரை அடி. ஃபால்ஸ் சீலிங் போட்டால் ஒன்பதுகூடத் தேறாது. அங்கே மேலே இருக்கும் வர்ணவேலை எட்டத்தில் நிற்பதால் அழகு. அதையே தலைக்கு மேலே இரண்டு முழத்தில் வைத்தால் கல்யாண மண்டப மேடைதான். மூலைக்கு மூலை ஜிப்சம் தூண் வேறு போட்டிருக்கிறார். ஒரு பாரத்தையும் தாங்காத தூண் எதுக்கு? அதில் தூசி தட்டவே உனக்கு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

நான் எடுப்பதானால் ஒன்றே ஒன்றைத்தான் எடுப்பேன்: அந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல். உன் ஒன்பதாவது படத்தைப் பார். கண்ணாடியை விட்டுவிட்டுத் தரையைப் பார். அங்கே விழுந்திருக்கிற நிறத்துக்கு எந்த பெயின்ட் கடையிலும் டப்பா கிடையாது.

ஏளா, நம் பழைய வீட்டு வாசல் நிலைக்கு மேலே இருந்த அரைவட்ட வண்ணக் கண்ணாடி ஞாபகம் இருக்கிறதா? காலையில் வெயில் ரேழியில் பச்சையும் சிவப்புமாக விழும். நீ பச்சையில் தட்டை வைத்துக்கொண்டு, இட்லி ஊசிப்போச்சு என்று அம்மாவிடம் புகார் சொல்வாய். வீட்டை இடித்தபோது அதைக் கழற்றிப் பரணில் போட்டேன். நேற்று இறக்கினேன். தேக்குச் சட்டம் இன்னும் இரும்பு மாதிரி இருக்கிறது. கண்ணாடியைப் பிடித்திருந்த ஓரத்து மக்கு மட்டும் காய்ந்து உதிர்ந்துவிட்டது, சிவப்புத் துண்டு ஒன்றில் விரிசல். மக்கை முழுக்கச் சுரண்டிவிட்டு, சுற்றிலும் மெல்லிசாக மரப் பீடிங் அடித்துத் தருகிறேன். விரிசல் இருந்துவிட்டுப் போகட்டும். அது உன் தம்பி அடித்த பந்து.

கண்ணாடிக்குப் பதில் ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. ஒரு வீட்டுக்கு நான் நிலை செய்து கொடுத்தபோது கடைக்காரர் பேச்சை நம்பி அதைத்தான் ஒட்டினேன். இரண்டு கோடையில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. அந்த வீட்டுக்காரரைத் தெருவில் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சம்தான்.

உன் பால்கனி மேற்குப் பார்த்தது. நாலு மணி வெயில் நேராக உள்ளே வரும். கதவுக்கு மேலே இதைப் பொருத்தினால் போதும். சுவருக்கு வெள்ளை அடி, நிறம் வந்து விழ இடம் வேண்டுமே. கீழே சோபா செட்டை நெருக்காமல் ஒரு பத்தமடைப் பாயை விரித்துவிடு. பாயை நான் வாங்கி அனுப்புகிறேன். அம்மா அப்பளம் கட்டி வைத்திருக்கிறாள். எல்லாம் நெல்லை எக்ஸ்பிரஸில் வரும் சித்தப்பா கையில்.

அதற்கு முன்னால் கதவுக்கு மேலே உள்ள இடத்தை அளந்து அனுப்பு. அடி, அங்குலம், நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) மூன்றும் வேண்டும். அகலத்தை ஒரே இடத்தில் மட்டும் அளக்காதே, மேலே ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, கீழே ஒரு தடவை அள. ஃபிளாட் கட்டுகிறவர்கள் மட்டம் பார்ப்பதை நான் நம்புவதில்லை. மாப்பிள்ளையை ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளச் சொல்.

அப்பா