கண்மாய்க்கரை வேலமரமும் அதன் பெயரும்

அன்பு மாப்ளே,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இன்றுதான் பதில் எழுதுகிறேன். ஆறு மாசம் ஆகிவிட்டது. தப்புதான், திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. செல்வி அக்கா உன்னை விசாரித்தாள். மஞ்சள் பை விஷயத்தை அவள் இன்னும் மறக்கவில்லை, ஊருக்கு வந்தால் ஜாக்கிரதையாக இரு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் கண்மாய்க்கரை வேலமரம் போய்விட்டது. ஆமாம், நாம் பரீட்சைக்குப் படித்த அதே மரம்.

சீமைக்கருவேலம் அகற்றுகிறோம் என்று போன செவ்வாய்க்கிழமை ஒரு ஜேசிபி வந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் கரையின் தெற்குப் பக்கம் மொட்டை. ஒப்பந்தக்காரரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். அதில் ‘கருவேல மரங்கள்’ என்று மட்டும்தான் இருந்தது. “சார், இதுவும் கருவேலம்தானே?” என்றார். என்ன பதில் சொல்ல? அதன் பெயர் அதுதான். ‘சீமை’ என்ற ஒரு சொல் யாரோ தட்டச்சு செய்யும்போது விட்டுப்போயிருக்கிறது. அதற்கு நம் தாத்தா காலத்து மரம் வேரோடு கிடந்தது.

கிடந்த கிளையிலிருந்து ஒரு நெற்றை ஒடித்து அவரிடம் காட்டினேன். சாம்பல் பூத்து, விதைக்கு விதை இடுங்கி, கோத்த மணி மாதிரி இருக்கும், உனக்குத் தெரியும். சீமைக்கருவேலத்தின் நெற்று மஞ்சளாக நீண்டு வளைந்திருக்கும். இதன் பூ மஞ்சள் பந்து, அதன் பூ பூனைவால் மாதிரி கதிர். இரண்டையும் அவர் கையில் வைத்ததும் மனுஷன் அரை நிமிஷத்தில் புரிந்துகொண்டார். வண்டியை நிறுத்தச் சொன்னார். வடக்குப் பக்கம் நான்கு மரங்கள் தப்பின.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பரணிலிருந்து, செடிகளை உலர்த்தி ஒட்டிய நம் ஹெர்பேரியம் கட்டை இறக்கினேன். அந்த மரத்துக் கிளை அப்படியே இருக்கிறது, இலை மட்டும் பாதி உதிர்ந்திருக்கிறது. கீழே உன் கையெழுத்தில் ‘அக்கேசியா நைலோட்டிக்கா’. சோடாப்புட்டி சார் சிவப்பு மையில் ‘சரி’ போட்டிருக்கிறார். அந்தப் பெயரும் இன்று சரியில்லை, மாப்ளே! இது உனக்குத் தெரியுமா? இப்போது அது ‘வச்செல்லியா நைலோட்டிக்கா’.

ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதைத் தொட்டாச்சிணுங்கியோடு சேர்த்து மிமோசா என்றார். மறு வருஷமே பிலிப் மில்லர் அக்கேசியா என்ற பேரினத்தை, அதாவது உறவுள்ள இனங்களுக்கான ஒரு பொது வீட்டுப்பெயரை, ஏற்படுத்தினார். பின்னால் வந்தவர்கள் அதற்குள் உலகத்து வேலமரங்களையெல்லாம் கொண்டுவந்து அடைத்தார்கள். உறவுமுறையை நன்றாக ஆராய்ந்தபோதுதான் அது ஒரே வம்சம் இல்லை என்று தெரிந்தது. பாகம் பிரிக்க வேண்டிய நேரம் வந்தது. பாகம் பிரிந்தால் வீட்டுப்பெயர் யாருக்கு? மூல மாதிரியாக எந்தச் செடி வைக்கப்பட்டிருக்கிறதோ, அது இருக்கும் பங்குக்கே பெயரும் போக வேண்டும் என்பது விதி. அக்கேசியாவின் மூல மாதிரி நம் கருவேலம். அப்படிப் பார்த்தால் பெயர் இதற்குத்தான் வர வேண்டும்.

ஆனால் ஆஸ்திரேலியாவில் இருப்பவை ஏறக்குறைய ஆயிரம் இனங்கள். நம் பக்கத்துப் பங்கில் 160 சொச்சம்தான். அத்தனை பெயர்களை மாற்றினால் குழப்பம் என்று, மூல மாதிரியையே ஒரு ஆஸ்திரேலிய இனத்துக்கு மாற்றப் பெயர் விதிகளைப் பார்க்கும் குழு பரிந்துரைத்தது. 2005இல் வியன்னாவில் நடந்த உலகத் தாவரவியல் மாநாட்டில் வாக்கெடுப்பு நடந்தது. எதிர்த்தவர்கள் 54.9 விழுக்காடு. பெரும்பான்மைதான். ஆனால் குழுவின் பரிந்துரையைத் தள்ள 60 வேண்டுமாம். பெயர் போய்விட்டது. நம் பங்கு மரங்கள் அங்கேயும் நிறைய இருப்பதால் ஆப்பிரிக்கர்கள் விடாமல் சண்டை போட்டார்கள். 2011இல் மெல்போர்னில் கூடியபோதும் முடிவு மாறவில்லை. அக்கேசியா என்பதே முள்ளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஆஸ்திரேலிய மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு முள்ளே கிடையாது! எனக்கு இது ஆறவே மாட்டேனென்கிறது. ஆயிரம் பெயரை மாற்றுவது கஷ்டம் என்பது நியாயமான கவலைதான், மறுக்கவில்லை. ஆனாலும் எண்ணிக்கை அதிகம் என்பதற்காகப் பூர்வீக வீட்டை விட்டுக்கொடுக்கச் சொல்வது என்ன நியாயம்?

அப்புறம் வச்செல்லியா யார் என்று தேடினேன். இங்கேதான் மனசு கொஞ்சம் இளகியது. அந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தவர்களில் ஒருவர் ராபர்ட் வைட். 1819இல் மதராஸுக்கு வந்த கம்பெனி மருத்துவர், நம் பக்கத்துச் செடிகொடிகளையெல்லாம் சேகரித்தவர். அவரும் ஆர்னாட்டும் 1834இல் வெளியிட்ட தென்னிந்தியத் தாவர நூலில்தான் இந்தப் பெயர் இருக்கிறது. வச்செல் என்பவர் சீனக் கரையில் உள்ள மக்காவ் நகரில் இருந்த பாதிரியார், சீனத்தில் செடி சேகரித்தவர். நம் மரத்துக்கும் அவருக்கும் என்ன ஒட்டு? அதே வைட்டுக்கு ஆயிரக்கணக்கில் படம் வரைந்து தந்தவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். கோவிந்துவின் பெயரில் வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்தையே ஏற்படுத்தினார்: கோவிந்தூயா. பிற்பாடு அது வேறொரு பேரினத்துக்குள் சேர்ந்துவிட்டதால் இன்று அந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. சீமைக்கருவேலத்தையும் நம் கோயில் வன்னியையும் ‘புரோசோபிஸ்’ என்று ஒரே பேரினத்தில் படித்தோமே, நீ கூட அந்தக் கேள்வியில் கோட்டை விட்டாயே. 2022இல் அதைப் பிரித்துவிட்டார்கள். இந்தத் தடவை விதி விதியாகவே நடந்தது. மூல மாதிரி வன்னி, ஆகவே பெயர் வன்னிக்கே. அமெரிக்காவிலிருந்து வந்த சீமைக்கருவேலம் ‘நெல்டுமா’ என்று தனியாகப் போனது. வன்னிக்கும் அதற்கும் இருந்த பெயர் உறவு அறுந்தது. எனக்கு ஏதோ நம் வீட்டு வழக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. மிச்சமுள்ள நான்கு மரங்களுக்கும் தகரப் பலகை கட்டப்போகிறேன். ஜேசிபி வடக்குக் கரைக்கு எப்போது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. ‘நாட்டுக் கருவேலம். வெட்டக் கூடாது’ என்று மேலே பெரிதாக. ‘நாட்டு’ கண்டிப்பாக இருக்க வேண்டும். கீழே லத்தீன் பெயர் அக்கேசியாவா, வச்செல்லியாவா? என் கை அக்கேசியா என்றுதான் எழுதப் பார்க்கிறது. பிள்ளைகள் பார்த்துப் படிக்கப்போவதால் இன்றைய பெயரைத்தான் போட வேண்டும் என்றும் தோன்றுகிறது. நீ முடிவு சொல். எழுத்தும் உன்னுடையதாக இருந்தால் நல்லது. வெள்ளைத்தாளில் பெரிதாக எழுதி அனுப்பு, பெயிண்டர் அப்படியே பார்த்து வரைந்துவிடுவார்.

விழுந்த மரத்தின் நெற்றில் அரைப் பை எடுத்து வைத்திருக்கிறேன். ஆட்டுப்பட்டிச் சாணியிலிருந்து பொறுக்கிய விதைதான் நன்றாக முளைக்கும் என்று குட்டை சொல்கிறான். அவன் பட்டிக்கே பாதியைக் கொடுத்துவிட்டேன். மழைக்கு முன்னால் கரையில் ஊன்ற வேண்டும். புரட்டாசியில் லீவு போட முடிந்தால் வா.

உன் மச்சான்