வேதியியலைத் தள்ளிப்போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

அரசு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் மருந்து கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். இங்கே பிளஸ் டூ முடித்த கையோடு பி.ஃபார்ம். சேர்ந்துவிடலாம். அமெரிக்காவில் பெரும்பாலும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் கல்லூரியில் படித்த பிறகுதான் மருந்தாளுநராவதற்கான நான்காண்டு ஃபார்ம்.டி. பட்டப்படிப்பு என்பதை நியூ ஜெர்சியில் வளரும் என் பேத்தியால்தான் அறிந்தேன்.

முதல் பருவத்தில் அவள் வேதியியலை "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், தாத்தா" என்று தள்ளிவைத்து, உளவியலை எடுத்தாள். வந்தது வினை. ஃபார்ம்.டி. சேருமுன் படிக்க வேண்டிய பொது வேதியியல் இரண்டு பருவம். அதைத் தாண்டினால்தான் கரிம வேதியியல், அதுவும் இரண்டு பருவம். அவள் கல்லூரியில் பொது வேதியியலின் முதல் பகுதியை ஆண்டுக்கு ஒரே முறைதான் நடத்துகிறார்கள். ஒரு பருவம் தவறியது, ஓராண்டு போயிற்று. போன மாதம் வீடியோ அழைப்பில், கிழித்த நாள்காட்டித் தாளின் பின்புறம் அவளுடைய பாட அட்டவணைக்குக் கட்டம் போட்டு, உயிரியல், புள்ளியியல், கால்குலஸ் எல்லாவற்றையும் பென்சிலால் நிரப்பினேன். ஆய்வக வகுப்பைத் தனியாகச் சேர்க்க மறந்து, இரண்டு முறை அழித்து எழுதினேன்! ஃபார்ம்.டி.க்கான பி.சி.ஏ.டி. நுழைவுத்தேர்வும் 2024 ஜனவரியோடு நின்றுவிட்டதால், கல்லூரி மதிப்பெண்ணுக்கு மவுசு கூடிவிட்டது.

இங்கே பி.ஃபார்ம். முடித்து அங்கே மருந்தாளுநராகலாம் என்று எண்ணுவோரும் கவனிக்க வேண்டும்: 2003 ஜனவரி 1க்குப் பின் பட்டம் பெற்றவர்களிடம் ஐந்தாண்டுப் படிப்பு கேட்கிறார்கள், நம்முடையது நான்குதான். சேர்க்கைக் காலத்தில் இதைத் தங்கள் கல்விப் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
பாளையங்கோட்டை.