இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் தனித்தனியே தரக் கோரும் மனு

பெறுநர்: மருந்துப் பிரிவுப் பொறுப்பதிகாரி அவர்கள், வட்டாரப் பலதுறை மருந்தகம், சிங்கப்பூர்.
அனுப்புநர்: இவ்வட்டாரத் தமிழ்த் தாய்மார்களும் ஓய்வுபெற்ற தாதியரும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தீபாவளிக்கு முன் ஒரு கடிதம், பொங்கல் கழிந்து ஒரு கடிதம் அனுப்பினோம். இரண்டுக்கும் பதில் வரவில்லை. காலை வேளையில் மருந்து முகப்பில் எவ்வளவு கூட்டம், ஒருவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. அதனால்தான் எழுத்தில் கேட்கிறோம்.

1. கர்ப்பிணிகள் பெறும் இரும்பு, கால்சியம் மாத்திரைப் பைகள் இரண்டிலும் "தினம் ஒன்று" என்று மட்டுமே ஒட்டியிருக்கிறது. எப்போது, எதோடு என்று இல்லை.

2. இரண்டு பைகளையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துத் தருகிறார்கள். சேர்த்தே சாப்பிட வேண்டும் என்றுதானே வாங்குபவர் நினைப்பார்? பசியாறியதும் இரண்டையும் ஒன்றாகப் போட்டு, மேலே ஒரு தே குடிக்கிறார்கள். கால்சியம் இரும்பைக் குடலில் சேரவிடாது. தேயிலையின் துவர்ப்பும் அப்படித்தான். 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேட் என்ற இரும்பு மாத்திரையில் உள்ள இரும்பு ஏறத்தாழ 65 மில்லிகிராம். அதில் உடம்பில் ஒட்டுவதே சிறு பங்கு, அதையும் இப்படி இழக்கிறோம். அடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே நின்றால், "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடவில்லையா?" என்ற கேள்வி வருகிறது. ஒரு நாள்கூடத் தவறாமல் விழுங்கியவரிடம் கேட்கும் கேள்வியா இது, ஐயா?

3. பையோடு தமிழில் ஒரு அரைத்தாள் வையுங்கள். இரும்பு மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு அல்லது ஆரஞ்சுச் சாற்றோடு. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தே, காப்பி, பால் கூடாது. குமட்டினால் சிறிது உணவுக்குப் பின் எடுக்கலாம், நிறுத்தக்கூடாது. மலம் கறுப்பது இரும்பினால்தான், பயப்பட வேண்டாம். இதைச் சொல்லாததால் பயந்து மாத்திரையைக் குப்பையில் போடுபவர்கள் உண்டு! மலம் இறுகினால் தண்ணீரும் கீரையும் கூடட்டும். கால்சியம் கார்பனேட் மாத்திரை மதியச் சாப்பாட்டோடு, இரும்பிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி. தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு இவை இரண்டிலிருந்தும் நான்கு மணி நேர இடைவெளி. ஃபோலிக் அமில மாத்திரை வழக்கமாக 400 மைக்ரோகிராம், கர்ப்பத்தின் 12 வாரம் வரை விடக்கூடாது. 5 மில்லிகிராம் மருத்துவர் சொன்னவர்களுக்கு மட்டும். சத்துதானே என்று மீன் ஈரல் எண்ணெயைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம், அதிலுள்ள வைட்டமின் ஏ அளவு மீறினால் சிசுவுக்குக் கேடு. இவ்வளவும் அரைத்தாளில் அடங்கும் ஐயா, அரைத்தாளில்! எழுதித் தரவும் பிழை பார்க்கவும் எங்களிடம் ஆள் இருக்கிறது. மருந்தாளர் ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

4. ஸ்டேப்ளர் அடிப்பதை நாளையே நிறுத்தலாம். அதற்குச் செலவு ஏதும் இல்லை.

தயவுசெய்து இம்முறையாவது பதில் தாருங்கள். அரைத்தாள் அச்சாகும்வரை பைகளையாவது பிரித்துக் கொடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
இவ்வட்டாரத் தாய்மார்களும் தாதியரும்