ஓட்டக்காரர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அண்ணனுக்கும், பொருளாளர் சாருக்கும், காலங்காத்தால புள்ளைங்கள வண்டியில கொண்டாந்து விடுற அப்பா அம்மா எல்லாருக்கும் வணக்கம். கூட்டம், தீர்மானம் எல்லாம் மினிட்ஸ் நோட்டுல இருக்கு, வேணுங்கிறவங்க பார்த்துக்குங்க, நான் வருஷம் பூரா சண்டையா போன விஷயத்துக்கே வந்துடுறேன், அதாவது பயிற்சிய ஏன் கொறச்சீங்கன்னு.

பயிற்சி கொறையல, வேகத்ததான் கொறச்சோம். முன்னாடி தினமும் 400 மீட்டர் ரிப்பீட், அதாவது அதே தூரத்த வேகமா திரும்பத் திரும்ப ஓடுறது, வாந்தி எடுத்தாதான் ஓட்டம்னு ஒரு பேச்சு. இப்ப 16 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு வாரத்துல ரெண்டு நாள்தான் வேகம், மத்த நாள் அரசலாத்துக் கரையில மெதுவா, ஓடிக்கிட்டே பேச முடியணும் அதான் அளவு. எட்டாவது படிக்கிற பொண்ணுங்க ரெண்டு பேரு நேத்து பார்த்த படத்தோட கதைய இன்டர்வெல் வரைக்கும் சொல்லிட்டுதான் பாலத்துல திரும்புவாங்க, கோச் ஒண்ணும் திட்டமாட்டாரு, கதை நின்னாதான் "மெதுவாம்மா"ன்னு சத்தம் போடுவாரு.

மெதுவா ஓடி ஓடிதான் தசையில நுண்ணிய ரத்தக்குழாய் பெருகும், இதயம் ஒரு துடிப்புல தள்ளுற ரத்தம் கூடும், ஆனா அது வருஷக்கணக்குல சேர்ற சமாச்சாரம். முழு மூச்சு ஓட்டம் சில வாரத்துலயே டைமிங்க கொறச்சுக் காட்டும், அப்புறம் அங்கயே நின்னுக்கும். நியூசிலாந்து கோச் லிடியார்ட், 800 மீட்டர் ஓடுற பீட்டர் ஸ்னெல்லயே வாரம் 100 மைல் ஓட விட்டாரு, 1960 ரோம், 1964 டோக்கியோ ரெண்டுலயும் தங்கம். அந்த தூரம் நம்ம புள்ளைங்களுக்கு வேணாம், மொதல்ல அடித்தளம் அப்புறம் வேகம்ங்கிற வரிசைய மட்டும் எடுத்துக்கிட்டோம்.

கென்யா ஓட்டக்காரர் கிப்சோகே 18 வயசுலயே உலக சாம்பியன் ஆகலயான்னு ஒரு அப்பா மடக்குனாரு. ஆனாரு, 2003 பாரிஸ்ல, 5000 மீட்டர். அதே ஆளு 2022 பெர்லின்ல மாரத்தான 2:01:09ல முடிச்சப்ப வயசு 37, நமக்கு அந்தக் கணக்குதான் வேணும். பக்கத்துல புதுக்கோட்டை லட்சுமணன் 2017ல ஆசிய சாம்பியன்ஷிப் 5000ல தங்கம் அடிச்சப்ப அவரும் பள்ளிக்கூடத்துப் பையன் இல்லயே.

ரூம் கதவு நிலையில மாசாமாசம் உயரத்த பென்சில்ல குறிக்கிறோம். ஒரு பையனுக்கு கோடு சட்டுனு மேல போச்சு, கூடவே முட்டிச்சில்லுக்குக் கீழ வீங்கி படி ஏற முடியல, டாக்டர் ஆஸ்குட் ஷ்லாட்டர்னாரு, எலும்பு வேகமா நீளுற வயசுல தொடைத்தசை அந்த இடத்த இழுத்துக்கிட்டே இருக்குமாம். அதனால இப்ப கோடு எகிறுற மாசம் ஸ்ப்ரின்ட், குதிக்கிறது எல்லாம் கம்மி.

பொம்பளப் புள்ளைங்க சாப்ட்ட கையோட டீ குடிக்க வேணாம், இரும்புச்சத்து ஒட்டாது. ஐப்பசி கார்த்திகையில கரை வழுக்குனதால பள்ளிக்கூட மைதானத்துல ஓடுனோம்.

மாவட்டத்துல சின்ன வயசுப் பிரிவு மெடல் கொறஞ்சுது, உண்மை. ஆனா காலு போயி பாதியில நின்னவங்க இந்த வருஷம் யாரும் இல்ல, எனக்கு இது பெருசு.

ஒரு வேண்டுகோள், மொபெட்ல கூடவே வந்து "ஏறுடா ஏறுடா"ன்னு கத்துற அப்பாமாருங்க பாலத்துகிட்டயே வண்டிய நிறுத்திக்குங்க, புகை அவங்க மூஞ்சியிலதான் அடிக்குது. சந்தா பாக்கிய பொருளாளர் வாசிப்பாரு.