சும்மாதான் எடுத்தேன்பா

அன்புள்ள தம்பிக்கு,

போனில் கேட்டால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். முறுக்கு டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன், அம்மாவுக்குத் தெரியாது.

பாட்டிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியோடு சீரியல் பார்க்கிறது. மோட்டார் மறுபடியும் எரிந்துவிட்டது. சித்தப்பா விஷயம் நேரில். நேரத்துக்குச் சாப்பிடு.

தீபாவளிக்கு மீசை இல்லாமல் வந்தாய். கேட்டதற்கு "சும்மாதான் எடுத்தேன்பா" என்றாய். ப்ளஸ் ஒன்னில் முளைத்த நாலு முடிக்கு விளக்கெண்ணெய் தடவி வளர்த்தவன் நீ. அப்புறம், சாப்பிடும்போது ஒரு போன் வந்தது. இலையிலிருந்து எழுந்து, சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு நின்றபடியே பேசினாய். வீடியோ கால்கூட இல்லை. யாரோ வாத்தியார் என்று அம்மா நினைத்தாள். நான் நினைக்கவில்லை.

நம் வீட்டில் கவுன்சிலிங்கில் சீட் வாங்கிய முதல் ஆள் நீ. பால் சொசைட்டியில் இன்றைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள் என்று நான் எப்போது சொன்னேன்? ஆறாம் வகுப்பில் பேனா தொலைந்ததற்கு என்னிடம் வந்து அழுதவன், இதைச் சொல்லக் கூடாதா? சரி, அன்றைக்கு ஆம்பளப் பிள்ளை அழக் கூடாது என்று அதட்டியதும் நான்தான்.

உன்னைச் சேர்க்கும்போது ராகிங் உறுதிமொழியில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோமே. என் கை நடுங்கியதைப் பார்த்து, "செக்கிலயா போடுறீங்க?" என்று சிரித்தாய்.

1996. நான் பாலிடெக்னிக் கடைசி வருஷம். ஹாஸ்டலுக்குப் புதிதாக வந்த பையன் ஒருவனுக்குப் பாதி மீசையை எடுத்துவிட்டோம். பிளேடு பிடித்தது நான். அவன் அழவில்லை, கண்ணை இறுக மூடிக்கொண்டான். கண்ணாடியைக் காட்டி, "மாப்பிள்ளை எப்படி?" என்று கேட்டேன். விடிவதற்குள் டிரங்குப் பெட்டியோடு போய்விட்டான். விளையாட்டுக்குத்தானே செய்தோம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அந்த நவம்பரில்தான் சிதம்பரத்தில் மருத்துவ மாணவன் நாவரசுவை சீனியர் ஒருவன் கொன்ற செய்தி. மெஸ்ஸில் ஒரே பேப்பரை எட்டுப் பேர் படித்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. 1997-இல் சட்டமே வந்தது, ராகிங் செய்தால் இரண்டு வருஷம் வரை ஜெயில். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பையனின் அப்பா மட்டும் டிசி வாங்க வந்தார். வராந்தாவில் என்னிடம்தான், "ஆபீஸ் எங்க தம்பி?" என்று கேட்டார். வழி காட்டினேன்.

உன் மீசையைப் பார்த்த அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

1800-180-5522. ராகிங் புகார் சொல்கிற நம்பர், ராத்திரியிலும் எடுப்பார்கள், உன் பெயரை வெளியே விடமாட்டார்கள். யார் கூப்பிட்டாலும் ராத்திரியில் தனியாக எந்த ரூமுக்கும் போகாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

சனிக்கிழமை வருகிறேன். பத்து மணியிலிருந்து கேட்டுக்கு எதிர் டீக்கடையில் இருப்பேன். வார்டனைப் பார்க்கலாம் என்றால் பார்ப்போம். வேண்டாம் என்றால் டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறேன். பெட்டியோடு வந்தாலும் சரிதான், சொசைட்டியில் நான் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா